இங்கிலாந்துப் பேய்க்கதைகளில் உங்களை உண்மையிலேயே பயமுறுத்திய கதை எது?

எம்.ஆர். ஜேம்ஸ் எழுதிய விசில் கதை. 1904-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் இருக்கிறது. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'விசிலடி தம்பி, வந்துவிடுகிறேன்' என்று வரும்.

பார்கின்ஸ் என்று ஓர் இளம் பேராசிரியர். பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே அவருக்குப் பிடிக்காது. கோல்ஃப் பழக ஒரு கடற்கரை ஊருக்குப் போகிறார். விடுதியில் கிடைப்பது இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்தில் இருந்த பழைய இடிபாட்டைக் கிளறும்போது ஒரு வெண்கல விசில் கிடைக்கிறது. அதில் லத்தீனில் 'வருகிற இவன் யார்?' என்று பொறித்திருக்கிறது. சரி, ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஊதிவிடுகிறார்.

மறுநாள் காலை வேலைக்காரப் பெண் வந்து, கூடுதல் கம்பளியை எந்தக் கட்டிலில் போடட்டும் என்று கேட்கிறாள். நான் படுத்த கட்டிலில்தான் என்கிறார் அவர். இரண்டிலுமே ஆள் படுத்திருந்த மாதிரி இருந்ததே, இரண்டையும் சரிசெய்தோமே என்கிறாள் அவள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது இந்த இடத்தில்தான். வெளியூரில் ஒரு லாட்ஜ் அறையில் படுத்தபடி படித்தேன். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இன்னொரு கட்டில், அதன் மேல் மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு. விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

அடுத்த இரவு அந்தக் காலிக் கட்டிலில் ஏதோ எழுந்து உட்காருகிறது. அதற்கென்று உடம்பு இல்லை. படுக்கை விரிப்பையே உடம்பாக்கிக்கொண்டிருக்கிறது. கசங்கிய துணிதான் முகம். அதைவிடக் கொடுமை, அதற்குக் கண் தெரியாது. பார்கின்ஸ் விட்டு எழுந்த கட்டிலின் மேல் குனிந்து தலையணையைத் தடவித் தடவித் தேடுகிறது. நம்மைப் பார்த்துவிட்ட பேயிடமிருந்து ஓடலாம். தடவித் தேடும் ஒன்றின் முன்னால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் படித்த எந்தப் பேயும் இதன் பக்கத்தில் வரவில்லை.

ஜேம்ஸ் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பழஞ்சுவடி ஆராய்ந்த அறிஞர். கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களைத் தன் அறையில் கூட்டி, ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஊதி அணைத்துவிட்டுப் படித்துக் காட்டுவாராம். அதனால்தான் அந்த நடையில் ஒரு நிதானம். கூடவே உட்கார்ந்து கேட்கிற மாதிரி இருக்கும்.

அவரைப் படிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதற்கு முன்னால் ஏதாவது சிறியதாக வேண்டுமென்றால் டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902) படியுங்கள். இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்த பாதம், மூன்று வரம் தரும். கேட்ட 200 பவுண்டு வருகிறது, ஆலை இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான இழப்பீடாக. மகன் உயிரோடு திரும்ப வேண்டும் என்பது இரண்டாவது வரம், அதற்குப் பிறகு நடு இரவில் கதவு தட்டப்படுகிறது. தாழ்ப்பாள் எட்டாமல் தாய் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். தகப்பனோ தரையில் தவழ்ந்து அந்தப் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கும்போது வெளியே வெறும் தெரு. தட்டியது எப்படி இருந்தது என்று ஜேக்கப்ஸ் கடைசிவரை காட்டவே இல்லை.