ஐக்யூ ரிப்போர்ட்: கொழிஞ்சாம்பாறை டீச்சரிடம் கேட்டவை

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): டீச்சர், பையன் மூன்றாம் வகுப்பு. வீட்டில் தமிழ், ஸ்கூலில் மலையாளம். ஐக்யூ (அறிவுத்திறன் எண்) 78 என்று வந்திருக்கிறது. புத்தி மந்தமா?

பதில்: ரிப்போர்ட்டின் உள்பக்கங்களைப் பாருங்கம்மா. மொழிப் பகுதிக்கும் செயல் பகுதிக்கும் தனித்தனி எண் இருக்கும். “ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்ன ஒற்றுமை” மாதிரிக் கேள்விகளை மலையாளத்தில் கேட்டிருந்தால், பையன் தமிழில் யோசித்துவிட்டு வார்த்தை கிடைக்காமல் முழிப்பான். அவனே சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி சடசடவென்று அடுக்கியும் விடுவான். இரண்டு எண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் 78 என்கிற மொத்த எண்ணை நம்பாதீர்கள். அறிவுசார் குறைபாடு என்று சொல்ல ஏறக்குறைய 70க்குக் கீழே போக வேண்டும். சாப்பிடுவது, உடுத்துவது, கடைக்குப் போய் வருவது போன்ற அன்றாடத் திறனிலும் பின்தங்கியிருக்க வேண்டும். கண், காது பரிசோதனையை முடித்துவிட்டு, தமிழ் பேசுகிறவரிடம் மறுபடி எடுங்கள். ரேவனின் வண்ண அட்டைச் சோதனையில் வடிவத்தில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு மொழி அதிகம் தேவையில்லை. அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லலாம்.

கேள்வி (வேலந்தாவளம்): 100 வந்தால் நூற்றுக்கு நூறா?

பதில்: இல்லைங்க, அது சம வயதுப் பிள்ளைகளின் சராசரி. மூன்றில் இரண்டு பேர் 85க்கும் 115க்கும் நடுவில்தான் இருப்பார்கள்.

கேள்வி (சித்தூர்): விரல் ரேகையை ஸ்கேன் செய்து குழந்தையின் அறிவைச் சொல்கிறார்களாமே?

பதில்: ரேகைக்கும் அறிவுக்கும் அறிவியல் சம்பந்தம் கிடையாது. பணத்தைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி (மீனாட்சிபுரம், ஆசிரியை): அறிவு ஒன்றா, பலவா? உளவியலாளர்களில் ஒன்று என்ற ஸ்பியர்மேன் சரியா, பல என்ற கார்ட்னர் சரியா?

பதில்: ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் பிள்ளை மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகவே செய்கிறது, இதைக் கவனித்துத்தான் எல்லாவற்றுக்கும் அடியில் பொதுவான ஓர் அறிவுத்திறன் இருக்கிறது என்று 1904இல் ஸ்பியர்மேன் சொன்னார். 1983இல் கார்ட்னர் அறிவை ஏழாகப் பிரித்தார், செடி, விலங்குகளை இனம் காணும் இயற்கை அறிவை அப்புறம் சேர்த்தார். வகுப்புக்கு இனிமையான கருத்துதான். ஆனால் அளந்து பார்த்தால் அவற்றில் பல ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. நான் ஸ்பியர்மேன் பக்கம். அதற்காக அறிவு பிறந்ததோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாரிஸில் 1905இல் முதல் அறிவுச் சோதனையை உருவாக்கிய பினேவே அதை ஏற்கவில்லை. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அவர் அதைச் செய்தார்.

கேள்வி (கோவிந்தாபுரம்): சோதனைக்கு முன்னால் பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எண் சும்மா ஏறிவிடும், உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகும். நன்றாகத் தூங்க வைத்து, காலையில் இட்லி கொடுத்து அழைத்து வாருங்கள். கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் அதை மறந்துவிடாதீர்கள்.