எழுதியவள் பெயர்

அன்புள்ள அக்கா,

மலையகத்தில், நோர்வூட் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். தமிழ்த்தினப் போட்டிக்கு ஆண்டுதோறும் நாடகம் எழுதுவது என் பொறுப்பு. இந்த முறை மாகாண மட்டம் வரை போனோம். ஒன்பதாம் தர மாணவி ஒருத்தியின் கரகரத்த குரலை மனத்தில் வைத்தே அப்பாயி பாத்திரத்தை எழுதியிருந்தேன். சபை எழுந்து நின்று கைதட்டியது. அறிவித்தபோது நெறியாள்கை செய்தவர் பெயரைச் சொன்னார்கள், பிள்ளைகளின் பெயரைச் சொன்னார்கள், என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "பாடசாலை நாடகம்தானே, டீச்சர்" என்றார்கள். அதே வாரம் பிரான்சஸ் மேரியன் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். இரண்டு ஒஸ்கார் வாங்கிய ஹொலிவூட் திரைக்கதாசிரியை. அவர் எழுதிய படங்களில் நடித்தவர்களை உலகம் அறியும், அவரை ஏன் அறியவில்லை? நாடகத்தை விட்டுவிட்டு, பெயராவது நிற்கும் சிறுகதைக்குப் போய்விடலாமா?

ஒரு வாசகி, நோர்வூட்

அன்புள்ள தங்கைக்கு,

சிறுகதை எழுதுங்கள், ஆனால் நாடகத்தை விடாதீர்கள். பெயரைச் சொல்லாமல் விட்டதை "போனால் போகட்டும்" என்று விழுங்கிவிடவும் வேண்டாம்.

மேரியனை ஆயிரத்தில் ஒருத்தி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மௌனப்பட காலத்து ஹொலிவூட்டில் எழுத்து மேசைகளில் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அனிட்டா லூஸ் எழுதிய கதை 1912இலேயே படமாகிவிட்டது. மௌனப்பட நாயகன் வலன்டினோவை நட்சத்திரமாக்கிய 1921ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர் ஜூன் மாத்திஸ். அந்த வேடத்துக்கு அவரைத்தான் போட வேண்டும் என்று வாதாடியவரும் இவரே. அந்தத் தொழிலுக்குப் பெரிய பணமும் மதிப்பும் வராத வரையில் பெண்களை யாரும் தடுக்கவில்லை. பேசும் படத்தோடு வங்கிப் பணம் வந்தது. நாடக மேடையிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் ஆண் எழுத்தாளர்களைக் கூட்டி வந்தார்கள். எழுதுகிறவர்களுக்கு மேலே மேற்பார்வைத் தயாரிப்பாளர் என்றொரு படி முளைத்தது. மேசைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. அந்த மாற்றத்துக்குள்ளும் மேரியன் நிலைத்து நின்றதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. "ஒருத்தி எப்படி மேலே வந்தாள்" என்று கேட்கிறவர்கள், "மற்றவர்கள் எங்கே போனார்கள்" என்றும் கேட்க வேண்டும்.

அவர் நின்றது எப்படி? நீங்கள் அந்த மாணவிக்குச் செய்ததைத்தான் அவரும் செய்தார். பாத்திரத்தை எழுதும்போதே அதில் நடிக்கப்போகிறவரின் முகம், உடல், குரல் எல்லாம் அவர் கண்முன் இருந்தன.

மேரி டிரெஸ்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 1868இல் பிறந்தவர், பருத்த உடம்பு, ஒரு காலத்தில் மேடையிலும் மௌனப்படத்திலும் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகை. 1920களின் நடுவில் அவரைக் கூப்பிட ஆளில்லை. பத்திரிகை வேலை பார்த்த இளவயதிலேயே அவரோடு பழகியிருந்த மேரியன், எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் அவருக்காகவே ஒரு படம் எழுதினார். 1927இல் வந்த அந்தப் படம் ஐரிஷ் மக்களை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பவே திரும்பப் பெறப்பட்டது. மேரியன் விடவில்லை. 1930இல் 'அன்னா கிறிஸ்டி'. மௌனப்பட ராணி கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசப்போகிற படம். ஊரே அவருடைய குரலைக் கேட்கக் காத்திருக்கிறது. படம் தொடங்கிக் கால்மணி நேரம் போன பிறகுதான் கார்போ வாய் திறக்கிறார். அதுவரை திரையில் யார்? துறைமுகக் குடிகாரக் கிழவியாக டிரெஸ்லர். கார்போ வந்து மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்த பிறகும் நம் கண் அந்தக் கிழவியின் முகத்துக்கே திரும்பித் திரும்பிப் போகிறது. யார் யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் முதலில் காகிதத்தில் முடிவாகிற காரியங்கள்.

அதே ஆண்டு 'மின் அண்ட் பில்', டிரெஸ்லருக்கென்றே எழுதியது. 60 வயது கடந்த அந்த அம்மையார் அதற்காகச் சிறந்த நடிகை விருது வாங்கினார். இந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு பெண் இருக்கிறார்: லோர்னா மூன், ஸ்கொட்லாந்திலிருந்து வந்து ஸ்டூடியோக்களில் எழுதியவர். காசநோயில் படுத்துவிட்ட அவருக்குச் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கட்டும் என்று அவருடைய நாவலை எம்.ஜி.எம். வாங்கும்படி செய்தார் மேரியன். டிரெஸ்லருக்கு ஏற்ற கதை என்று சொல்லித்தான் வாங்க வைத்தார். ஆனால் நாவலில் இருந்தது படத்தில் மிகக் கொஞ்சம். லோர்னா மூன் 1930இலேயே இறந்துபோனார். மேரியனின் நல்ல மனத்தை நான் மதிக்கிறேன். அதே கையால்தான் ஒரு எழுத்தாளரின் கதை கரைந்துபோனது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்டூடியோ என்பது அப்படிப்பட்ட இடம். நல்லவர்களையும் அந்த வேலையைச் செய்ய வைக்கும்.

'த பிக் ஹவுஸ்' படத்துக்காக சான் குவென்டின் சிறைக்கு நேரில் போய்ப் பார்த்து வந்து எழுதினார் மேரியன். எழுத்துக்கான ஒஸ்காரை வென்ற முதல் பெண் என்ற பெருமை அதில் கிடைத்தது. அடுத்த ஒஸ்கார் 'த சாம்ப்' படத்துக்கு. ஹொலிவூட்டில் மிக அதிக ஊதியம் பெற்ற எழுத்தாளர்களில் ஒருவர் அவர்.

இத்தனை இருந்தும் ஏன் தெரியாமல் போனார்? எழுத்தின் மீது எழுதியவருக்கு உரிமை இல்லை. சம்பளம் கொடுத்தவருக்கே எல்லாம் சொந்தம். ஒரே பிரதி பல கை மாறும். முடிவில் யாருக்கு முழுப்பேர், யாருக்கு அரைப்பேர், யாருக்கு ஒன்றுமில்லை என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானிப்பார். தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுமா என்று பார்த்துக்கொண்டே கொழுந்து நிறுத்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1933இல் திரைக்கதாசிரியர்கள் சங்கமாகத் திரண்டபோது உபதலைவர் பொறுப்பை ஏற்றவர் மேரியன். வசதியாக இருந்த ஒருவர் அந்த இடத்தில் போய் நின்றார் என்பது, இரண்டு ஒஸ்கார் சிலைகளையும் விட எனக்குப் பெரிதாகப் படுகிறது. யார் பெயர் திரையில் வர வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை 1940களின் தொடக்கத்தில்தான் சங்கத்தின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு சில ஆண்டுகளில் மேரியன் எம்.ஜி.எம்.மை விட்டுப் போய்விட்டார்.

அதே ஆண்டுகளில் நம் மலைகளில் ஒரு பெண் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள். கூட்டங்களில் தானே பாடினார். 1940இல் அந்தப் பாடல்களைத் தன் பெயரில் புத்தகமாக அச்சிட்டார். அதனால்தான் அவை இவருடையவை என்று இன்று சொல்ல முடிகிறது. நம் பாட்டிமார் கட்டிய தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் கணக்கில்லை. அவற்றில் எது எந்தத் தோட்டத்து லயன் வீட்டில் இருந்த யாருடையது என்று எவரிடம் போய்க் கேட்பது? நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

தமிழ்ப் படவுலகில் யார் என்று கேட்க நினைத்திருப்பீர்கள். நடிகை டி.பி. ராஜலட்சுமி தன் நாவலைத் தானே 'மிஸ் கமலா' என்ற பெயரில் 1936இல் இயக்கிப் படமாக்கினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

இப்போது உங்கள் காரியம். அடுத்த நாடகத்தின் பிரதியில் முதல் பக்கத்திலேயே "எழுத்துரு" என்று போட்டு, பக்கத்தில் உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். ஒரு பிரதியை அதிபரிடம் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தோடு அந்தப் பக்கத்தையும் இணைத்து அனுப்புங்கள். எழுதியவரின் பெயரையும் அறிவிக்க வேண்டும் என்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். உங்களைப் போல எழுதுகிற மற்ற ஆசிரியைகளிடமும் கையொப்பம் வாங்குங்கள். கரகரத்த குரல் மாணவி அடுத்த ஆண்டு பத்தாம் தரம்தானே? அவளுக்கு இன்னொரு பாத்திரம் எழுதுங்கள். இந்த முறை கிழவி வேண்டாம்.

அன்புடன்,
அக்கா