வெந்த இடத்தில் மறுபடி கரண்ட் வைக்கலாமா?

கேள்வி: டாக்டர், என் கணவருக்கு வயது 54. புகையிலை அடக்கும் பழக்கம் இருந்தது. வலது கன்னத்தில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து 30 தடவை கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இரண்டு வருஷம் நன்றாக இருந்தார். இப்போது அதே பக்கக் கழுத்தில் கட்டி. ரத்தக்குழாயை ஒட்டியிருப்பதால் அறுக்க முடியாதாம். மறுபடி கரண்ட் வைக்கலாம், ஆனால் பக்கவிளைவு அதிகம் என்கிறார்கள். என்ன விளைவு என்று கேட்டால் கையெழுத்துப் போட ஒரு பேப்பரை நீட்டுகிறார்கள். ஏற்கெனவே வெந்த இடம் தாங்குமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நீட்டிய பேப்பரில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதற்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களிடம் இருந்தது கோபால்ட் மெஷின். இரண்டு கன்னத்துக்கும் எதிரெதிராகக் கதிரைப் பாய்ச்சுவோம். அப்போது உங்கள் கணவரைப் போல ஒருவர் வந்தால், ‘இனி வைக்க இடமில்லை’ என்று அனுப்பிவிடுவோம். இன்றைய மெஷின் கட்டியைச் சுற்றிக் குறுகலாக வைக்கிறது. அதனால்தான் இரண்டாவது முறை என்ற பேச்சே வருகிறது.

ஆனால் தோல் ஆறிவிட்டது என்பதற்காக உள்ளே எல்லாம் ஆறிவிட்டதாக அர்த்தமில்லை. 30 தடவை என்றால் அநேகமாக 60 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). அது உள்ளிருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். இப்போது இன்னொரு 60 கிரே என்றால் அந்த இடம் வாங்குவது மொத்தம் 120. வாய்ப்புண், எச்சில் வற்றுவது, விழுங்க முடியாமல் மூக்கில் டியூப் போடுவது எல்லாம் முதல் தடவையே பார்த்திருப்பீர்கள். அவை திரும்ப வரும். கழுத்து பலகை மாதிரி இறுகும், வாய் திறப்பது குறையும். தைராய்டு மந்தமாகலாம், அதற்கு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் போதும். தாடை எலும்பு செத்து வாய்க்குள் வெளியே தெரிவது மாதங்கள், வருஷங்கள் கழித்துக்கூட வரும். ஆடுகிற பல்லை உள்ளூர் பல் டாக்டரிடம் காட்டிப் பிடுங்கிவிட்டு, அந்த இடம் ஆறாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு. பல்லைத் தொடுமுன் கரண்ட் வைத்த டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி ‘ரத்தக்குழாயை ஒட்டி’ என்பது. அது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். மறுபடி கதிர் பட்டால் அதன் சுவர் நைந்து வெடிக்கலாம். 1,500-க்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்ததில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கட்டி குழாயைச் சுற்றி வளைத்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே முதல் கேள்வி: “ஸ்கேனில் கட்டி குழாயை எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது?” இரண்டாவது: “இது குணமாக்கவா, வலியையும் கட்டியையும் அடக்கி வைக்கவா?” அடக்கத்தான் என்றால் மாத்திரையில் தரும் கீமோவும் இருக்கிறது. மும்பை டாடா மருத்துவமனை ஆய்வு செய்து பார்த்த வழி அது. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஒப்புக்கொண்டால், முதல் சிகிச்சையில் எங்கே எவ்வளவு கதிர் வைத்தார்கள் என்ற பிளானை கம்ப்யூட்டர் சிடியில் வாங்கிக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. தண்டுவடம் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறது என்று அதில்தான் தெரியும். ஒருமுறை அந்த சிடிக்காக ஒரு குடும்பத்தை மூன்று வாரம் அலையவிட்டார்கள். கட்டி அதற்குள் வளர்ந்தது.

கரண்ட் முடிந்த பிறகு வாயிலோ கழுத்திலோ ஒரு ஸ்பூன் ரத்தம் வந்து தானே நின்றால்கூட, நின்றுவிட்டதே என்று தூங்கப் போகாதீர்கள். பெரிய கசிவுக்கு முன் இப்படி முன்னறிவிப்பு வருவதுண்டு. அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போங்கள். கட்டிலருகே கருஞ்சிவப்புத் துண்டு இரண்டு மடித்து வையுங்கள். அமுக்கிப் பிடிக்க உதவும். வெள்ளைத் துண்டில் ரத்தம் பார்த்தால் பிடிக்கிற கை நடுங்கிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு இரண்டாவது கரண்ட் முடிந்து நாலு மாசம். வாயில் ஒரு விரல்தான் நுழைகிறது. தானாகச் சரியாகுமா?
- வாசகர், மதுரை

பதில்: ஆகாது தம்பி, விட்டால் இன்னும் இறுகும். முதலில் டாக்டரைக் காட்டுங்கள். கட்டி திரும்பி வந்தும் வாய் இறுகலாம். அது இல்லை என்றால் ஐஸ்கிரீம் குச்சி ஒரு கட்டு வாங்குங்கள். பற்களுக்கு நடுவே எத்தனை நுழைகிறதோ அத்தனையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, அரை நிமிஷம் வைத்து எடுக்கவும். தினம் நாலைந்து வேளை. சுளீரென்று வலித்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம், அடித்துத் திணிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு குச்சி கூட்டினால் பெரிய விஷயம். ஒரு குச்சி ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். என்னிடம் வந்த ஒரு பெரியவர் ஒன்பதில் ஆரம்பித்துப் பதினாலு குச்சி வரை வந்தார். அன்று ஸ்பூனைப் பக்கவாட்டில் திருப்பாமல் கஞ்சி குடித்ததாக அவர் மகள் போன் பண்ணிச் சொன்னாள்.