ஈமத்தாழியும் கல்பதுக்கையும்: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, பொம்பரிப்பிலும் இப்பன்கட்டுவவிலும் இருப்பவை ஒரே வகைப் புதைகுழிகளா?

இல்லை. வில்பத்துக் காட்டுக்குள் இருக்கும் பொம்பரிப்பில் தாழிகள்: இறந்தவரின் எலும்புகளை இட்டுப் புதைக்கும் பெரிய மண்பானைகள். தம்புள்ளைக்குப் பக்கத்திலுள்ள இப்பன்கட்டுவவில் கல்பதுக்கைகள்: நான்கு பலகைக் கற்களை நிறுத்திப் பெட்டிபோல் அடைத்து, மேலே மூடுகல் வைப்பது. உள்ளே எரிந்த எலும்பு, சாம்பல், கலயங்கள், மணிகள். இரண்டும் இரும்புக்கால மரபுதான். பொம்பரிப்புத் தாழிகளுக்குக் கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூரில் ஒப்புமை உண்டு. அதை வைத்து ‘அங்கிருந்து வந்தவர்கள்’ என்று ஒரே வரியில் முடிப்பது பிழை. கலமும் மணியும் வியாபாரத்திலும் கரை கடக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: கறுப்பு சிவப்புப் பானைக்கு இரண்டு சாயம் பூசினார்களா?

சாயமே இல்லை, சூளை வேலை. கவிழ்த்து வைத்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுக்கும். காற்றுப் படும் வெளிப்புறம் சிவக்கும். உடைந்த ஓட்டின் விளிம்பைப் பாருங்கள், உட்பக்கத்துக் கறுப்பு வெளிப்பக்கத்தில் சிவப்பாக மாறுவது தெரியும்.

தெஹிவளையிலிருந்து: இப்பன்கட்டுவவுக்கு கி.மு. 700 முதல் 450 வரை என்கிறார்கள். ஏன் இவ்வளவு இடைவெளி?

கரிமக் கணிப்பில், அதாவது பொருளில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளப்பதில், வரும் எண்ணை அளவுத்திருத்த வளைகோட்டில், அதாவது வயது தெரிந்த மரவளையங்கள் போன்றவற்றை வைத்து வரைந்த கோட்டில், வைத்துத்தான் ஆண்டாக மாற்றுகிறோம். கி.மு. 800 முதல் 400 வரை அந்தக் கோடு கிட்டத்தட்ட தட்டையாகக் கிடக்கிறது. நூற்றாண்டுகள் தள்ளி இறந்த இருவருக்கும் ஒரே எண் வரலாம். கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்றக் கேடு கரித்துண்டு: முதிய மரத்தின் நடுவைரத்திலிருந்து வந்த கரி, சடங்கு நடந்த காலத்தைவிடப் பழைய ஆண்டைக் காட்டும். சுள்ளி, தானியம் போன்ற குறுகிய ஆயுள் பொருள்களே நல்லவை. எடுக்கும்போது வெறுங்கை படாமல் அலுமினியத் தாளில் சுற்றி, குழி எண்ணும் ஆழமும் அப்போதே எழுத வேண்டும்.

வத்தளையிலிருந்து: ஊர் வளவில் கிணறு வெட்டும்போது தாழி வந்தால் என்ன செய்வது?

வெட்டுவதை உடனே நிறுத்துங்கள். கழுவ வேண்டாம், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவே வேண்டாம். எலும்பு எந்த மட்டத்தில், மணி எந்த மட்டத்தில் என்பதை அந்த மண்தான் சொல்லும். அகழ்பவர்கள் அதைச் சில சென்ரிமீற்றராக இறக்கிச் சலிப்பார்கள். ஈரத் தாழி வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்து உதிரும், அதனால் இடத்திலேயே நிழல் கட்டி மூடிவையுங்கள். பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படமெடுத்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அது உங்கள் கடமையும்கூட.