ஒப்பித்தவரல்ல, நடித்தவர்

கேள்வி: 'இண்டியானா ஜோன்ஸ்' வரிசையின் இரண்டாவது படத்தில் சிறுவனாக நடித்த கீ ஹுய் குவான், அந்தப் படப்பிடிப்புக் காலத்தில் கதாநாயகன் ஹரிசன் ஃபோர்ட் தனக்கு நீச்சல் பழக்கியதைப் பேட்டிகளில் ஆசையோடு சொல்கிறார். நம் கண்டிப் பக்கம் எடுத்த படம் என்பதால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஊர்ப் பெரியவராக வரும் நம் நாட்டு நடிகருக்கு இங்கிலீஷே தெரியாதாம். இயக்குநர் ஸ்பீல்பேர்க் சொல்லச் சொல்ல ஒப்பித்தாராம். இதையெல்லாம் நடிப்பு என்று கொண்டாட வேண்டுமா?
- வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: கட்டாயம் கொண்டாட வேண்டும். சிறுவனின் பெயரை எழுதிய நீங்கள் பெரியவரின் பெயரை எழுதவில்லை. அவர் டி. ஆர். நாணயக்கார. 1956இல் வந்த 'ரேகாவ' என்ற சிங்களப் படத்திலேயே நடித்தவர். ஸ்பீல்பேர்க் இங்கு வந்தபோது அவருக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் சினிமா அனுபவம் இருந்தது.

அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். ஊருக்கு வந்த கேட்டைப் பெரியவர் விருந்தாளிகளிடம் சொல்கிறார். ஒரு துண்டு பேசுகிறார். நிறுத்துகிறார். கை மெல்ல அசைகிறது. பிறகுதான் அடுத்த துண்டு வருகிறது. அந்த இடைவெளியில் கேமராவுக்கு வெளியே இயக்குநர் அடுத்த வரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நாணயக்கார காது கொடுத்துக் காத்திருக்கிறார். பார்ப்பவருக்கோ, பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரின் பெரியவர் வாய் எழாமல் தவிப்பதாகவே படுகிறது. வரியை இயக்குநர் கொடுத்தார், சரி. அந்தத் தவிப்பை யார் கொடுத்தது?

நீங்கள் தலவாக்கலைக்காரர். மாசியில் காமன் கூத்துப் பார்க்காமல் வளர்ந்திருக்க மாட்டீர்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத எத்தனை பேர், மாஸ்டர் எடுத்துக்கொடுக்கும் அடியைக் காதால் பிடித்து, மன்மதனாகவும் ரதியாகவும் விடிய விடிய ஆடியிருக்கிறார்கள்! ரதி புலம்பும்போது கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தது ஒப்பிப்பைக் கேட்டா?

அந்தப் படத்தில் எனக்கும் கோபம் உண்டு. குரங்கு மூளையை இந்திய விருந்தாகக் காட்டியதை மன்னிக்க மனம் வரவில்லை. கதை இந்திய அரசுக்குப் பிடிக்காமல் போனதால்தான் அவர்கள் இங்கு வந்தார்கள். வட இந்தியக் கிராமத்து மக்கள் சிங்களம் பேசுவதும் அதனால்தான். அந்தக் கோபத்தை நாணயக்கார மேல் காட்டுவது நியாயமில்லை.

கண்டிப் பக்கம் விக்டோரியா அணை கட்டிக்கொண்டிருந்த பொறியியலாளர்கள்தான் படத்தில் வரும் தொங்குபாலத்தையும் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஃபோர்ட் ஓடிப் பார்த்ததும், உயரத்துக்குப் பயந்த ஸ்பீல்பேர்க் மறுகரைக்கு வாகனத்தில் சுற்றிப் போனதும் நமக்குத் தெரிகிறது. அவர்களிடம் கேட்டு எழுத ஆள் இருந்தது. நாணயக்காரவைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதோ இங்கிலீஷ் தெரியாதவர் என்ற ஒரே சேதி.

1983 என்றால் நம் சனத்துக்கு ஜூலைக் கலவரம்தான் நினைவில் நிற்கும். பட்டவர்களுக்கு வேறெது நிற்கும்? ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் இந்தப் படப்பிடிப்பில் கூட்டத்தோடு நின்றவர்கள், சாமான் சுமந்தவர்கள், அணை வேலைக்குப் போனவர்கள் உங்கள் தோட்டத்திலோ உறவிலோ இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். பக்கம் ஒதுக்குவது என் பொறுப்பு.