ரூட் கேனல் முடிந்தது, கேப் எதில் போடுவது?

கேள்வி: எனக்கு 43 வயது, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கிறேன். கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனல் செய்து ஆறு வாரமாகிறது, இன்னும் தற்காலிக அடைப்புதான். டாக்டர் ஸிர்கோனியா அல்லது இ.மேக்ஸ் கேப் (இரண்டும் பீங்கான் வகை) போடலாம் என்கிறார். ஸிர்கோனியாதான் உடையாது என்கிறாள் தோழி. எதைப் போட?

பதில்: முதலில், ஆறு வாரம் தாமதித்துவிட்டீர்கள் சகோதரி, இந்த வாரமே போங்கள். தற்காலிக அடைப்பின் ஓரத்தில் எச்சில் கசிந்தால் சுத்தம் செய்த வேருக்குள் கிருமி திரும்பவும் இறங்கும், அதைவிடப் பெரிய பயம், உள்ளே குடைந்து சுவர் மெலிந்த பல் ஒரு முறுக்கைக் கடிக்கும்போது ஈறுக்குக் கீழே பிளந்துவிடுவது. அப்படிப் பிளந்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

தோழி சொன்னது தவறில்லை. வழக்கமான ஸிர்கோனியா, வளைக்கும் அழுத்தத்தை 900 மெகாபாஸ்கலுக்கு (அழுத்தத்தின் அலகு) மேலும் தாங்கும், இ.மேக்ஸ் எனப்படும் லித்தியம் டைசிலிகேட் ஏறக்குறைய 400தான். (பளபளவென்று ஒளி ஊடுருவும் ஸிர்கோனியா வகைகள் வழக்கமான ஸிர்கோனியாவைவிடப் பலம் குறைந்தவை.) ஆனால் நான் கவலைப்படுவது கேப் உடைவதைப் பற்றியல்ல, அடியில் இருக்கும் பல்லைப் பற்றி. ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சியிருந்தால், கேப் அதை வளையம்போல் இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்போது இரண்டுமே நன்றாக உழைக்கும், இரவில் பல்லை நறநறவென்று கடிக்கிறவராக இருந்தால் நான் நன்றாக மெருகேற்றிய ஸிர்கோனியாவைத்தான் சொல்வேன்.

பல் குட்டையாக இருந்தால் கதை வேறு, அங்கே இ.மேக்ஸ்தான் வசதி. இ.மேக்ஸை அமிலத்தால் அரித்து, ரெசின் பசையால் பல்லோடு ஒட்டிவிடலாம், நரம்பு இருந்த பள்ளத்துக்குள்ளும் இறங்கி உட்காருகிற 'எண்டோகிரவுன்' என்று ஒரே துண்டாகவும் செய்யலாம், வேருக்குள் கம்பி இறக்க வேண்டியதில்லை. அந்த அமிலம் ஸிர்கோனியாவை அரிக்காது, அதை ஒட்ட மணல் வீச்சும் தனி பிரைமரும் (பசை பிடிக்க முதலில் பூசும் திரவம்) வேண்டும். ஒட்டும் நேரத்தில் எச்சில் படவே கூடாது என்பதால் ரப்பர் திரை கட்டுவார்களா என்றும் கேளுங்கள்.

ஆகவே டாக்டரிடம் "எனக்கு எவ்வளவு பல் மிஞ்சியிருக்கிறது?" என்று முதலில் கேளுங்கள், பொருளின் பெயர் அப்புறம். நீல அல்லது ஆரஞ்சு சாஸ் (CHAS) எனும் அரசு மருத்துவ உதவி அட்டை இருந்தால் கேப்புக்கு மானியம் உண்டு, மறக்காமல் கொண்டுபோங்கள். அதுவரை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம்.