வெள்ளிக்கிழமைக்கு ஏங்கினவங்க எழுதின பாட்டு

கே: 'ஃப்ரைடே ஆன் மை மைண்ட்' கேக்கறப்போ, வேலைவெட்டி இல்லாம ஜாலியா சுத்தின பசங்க எழுதினது மாதிரி இருக்கே சார்?

ஐயோ, நேர் எதிர்ங்க. 1966ல லண்டன்ல வச்சு எழுதினது, ஆனா எழுதின ஹாரி வாண்டா நெதர்லாந்துல பொறந்தவர், ஜார்ஜ் யங் ஸ்காட்லாந்துக்காரர், ரெண்டு பேர் குடும்பமும் பொழப்பு தேடி ஆஸ்திரேலியா போனவங்க, சிட்னில வில்லவுட்னு ஒரு இடத்துல வெளிநாட்லருந்து வந்தவங்களைத் தங்க வைக்கற ஹாஸ்டல், அங்கதான் ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸ் ஆகி, இந்தப் பாட்டைப் பாடின ஈஸிபீட்ஸ் பேண்டை ஆரம்பிச்சாங்க. இதைத் தெரிஞ்சுகிட்டு இன்னொரு வாட்டி பாட்டைக் கேளுங்க. திங்கக்கிழமையிலருந்து ஒவ்வொரு நாளா எண்ணிட்டே வர்றான், கிடார் கடிகாரம் மாதிரி டக்டக்குன்னு அடிச்சுகிட்டே இருக்கு, பணக்காரனுக்கு உழைக்கறதைவிட எரிச்சலான விஷயம் எதுவும் இல்லன்னு நடுவுல சொல்லியும் போடறான். சந்தோஷத்தைவிட ஏக்கம்தாங்க அதுல ஜாஸ்தி, எனக்கு அந்தப் பாட்டு அவ்ளோ பிடிக்க அதான் காரணம். ஆஸ்திரேலியால நம்பர் ஒன், பிரிட்டன்ல 6, அமெரிக்கால 16 வரைக்கும் போச்சு. ஏசி/டிசி பேண்டோட மால்கம், ஆங்கஸ் ரெண்டு பேரும் இந்த ஜார்ஜோட தம்பிங்கதான்.

கே: 'வொர்க்கிங் ஃபார் த வீக்கெண்ட்'?

லவர்பாய் பேண்டோட பாட்டு, 1981. கிடாரிஸ்ட் பால் டீன் ஒரு புதன்கிழமை மத்தியானம் வான்கூவர் பீச்ல நடந்து போறார், ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாரும் வேலையில இருக்காங்க, வீக்கெண்டுக்குக் காத்துகிட்டு இருக்காங்கன்னு தோணுது. முதல்ல 'வெயிட்டிங்'னுதான் வச்சிருந்தார், அதை 'வொர்க்கிங்'னு மாத்தச் சொன்னது பாடகர் மைக் ரினோ. அந்த ஒரு வார்த்தையிலதான் பாட்டே நிக்குது.

கே: 'டிசம்பர் 1963 (ஓ, வாட் எ நைட்)' பாட்டுல வர்ற ராத்திரி நிஜமா நடந்ததா? அன்னிக்கு என்ன விசேஷம்?

வருஷமே முதல்ல அது இல்லங்க! ஃபோர் சீசன்ஸ் பேண்டோட பாப் காடியோ எழுதினது 1933 டிசம்பரைப் பத்தி, அமெரிக்கால மதுவிலக்கு முடிஞ்சது அந்த மாசம் 5ம் தேதி, ஊரே கொண்டாடின ராத்திரி அது. ஆனா பாடகர் ஃப்ராங்கி வாலிக்கும் கூட எழுதின ஜூடி பார்க்கருக்கும் அந்த வரிங்க பிடிக்கல, அதனால மெட்டை அப்படியே வச்சுகிட்டு முப்பது வருஷம் தள்ளி 1963க்குக் கொண்டு வந்து, ஒரு பையனோட முதல் காதல் ராத்திரியா மாத்திட்டாங்க. 1975ல வந்துச்சு, அடுத்த வருஷம் அமெரிக்கா, பிரிட்டன் ரெண்டுலயும் நம்பர் ஒன். மாத்தினது நல்லதுதான்னு நான் சொல்லுவேன். மதுவிலக்கு முடிஞ்சது சரித்திரப் புத்தகத்துல இருக்கு, அந்தப் பையனோட படபடப்பு கேக்கற எல்லாருக்கும் சொந்தம்.

கே: 'எ ஹார்ட் டேஸ் நைட்' தலைப்புக்கு என்னதான் அர்த்தம்?

பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் நாள் பூரா வேலை பாத்துட்டு வெளிய வந்து, இன்னிக்கு ரொம்பக் கஷ்டமான பகல்னு சொல்ல வாயெடுத்தவர், இருட்டிட்டதைப் பாத்துட்டு அதே மூச்சுல ராத்திரின்னு சேத்துட்டார். அதுவே 1964ல வந்த படத்துக்குத் தலைப்பாச்சு, ஜான் லெனன் ஒரே ராத்திரில பாட்டா எழுதிட்டு வந்தார், ஏப்ரல் 16ல ரெக்கார்டிங்கும் முடிஞ்சுது. தலைப்புலதாங்க ராத்திரி, உள்ள நாய் மாதிரி உழைச்சு ஓஞ்சு போனவன் ஒருத்தன் வீட்டுக்கு வந்துகிட்டு இருக்கான்.